பக்திப் படமும் பயன் சொல்பவரும்

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கும் தாய் ஒருவரின் கேள்விக்கு எழுதும் பதில் இது. ஒன்பது வயதும் பதின்மூன்று வயதும் உடைய தம் பிள்ளைகளுக்கு விரத நாள்களில் பக்திப் படங்களைப் போட்டுக் காட்டினால் சமயப் பற்று வளருமா, ஆளுக்கொரு தொலைபேசியோடு ஒதுங்கியிருக்கும் குடும்பம் ஒன்றாக உட்காருமா என்று அவர் கேட்டிருக்கிறார். மாமியார் வளரும் என்கிறார். கணவரோ அது சினிமா, அதனால் சமயம் கெடுமே தவிர வளராது என்கிறார். கொழும்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைவசமய பாடம் கற்பித்தவன் என்ற முறையில், இருவரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்றே சொல்வேன். ஆனால், எந்தப் பாதி எப்போது உண்மையாகிறது என்பது படத்தைவிடப் படம் பார்க்கும் வீட்டைப் பொறுத்தது என்பதுதான் என் அனுபவம்.

முதலில் கணவருக்கு ஒரு செய்தி. சமயத்தையும் சினிமாவையும் இரண்டு எதிரிகளாக வைத்துப் பார்ப்பது நம் பக்கத்து வரலாற்றுக்குப் பொருந்தாது. பம்பாயில் 1910 அளவில் கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டிய மௌனப் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம் மனக்கண்ணில் கிருஷ்ணனும் இராமனும் ஓடியதாகத் தாதாசாகேப் பால்கே பின்னாளில் எழுதினார். அந்த உந்துதலில் அவர் எடுத்து 1913 இல் வெளியான முழுநீளப் படம் அரிச்சந்திரன் கதை. அதே அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தைத்தான் யாழ்ப்பாணக் கிராமங்களில் நடிகமணி வி. வி. வைரமுத்து விடிய விடிய ஆடிக் காட்டினார். கூத்து மேடையில் நடந்த கதை திரைக்குப் போனது. கேட்டுக்கொண்டிருந்த ஊர் பார்க்கத் தொடங்கியது. ஒரு மதத்தின் படம் மற்றொரு மதத்தவருக்குத் தம் தெய்வங்களை நினைவூட்டியதில்தான் இந்தியத் திரைப்படத்தின் தொடக்கமே இருக்கிறது என்பதை நான் மிகவும் மதிப்போடு நினைவுகூர்வதுண்டு.

இனி மாமியாரின் பாதி. அவர் தலைமுறைக்குப் பக்திப் படம் என்றால் 1965 இல் வந்த ‘திருவிளையாடல்’, அடுத்த ஆண்டு வந்த ‘சரஸ்வதி சபதம்’, 1967 இல் வந்த ‘கந்தன் கருணை’ ஆகிய ஏ. பி. நாகராஜனின் படங்களாக இருக்கும். அவற்றுக்கு முன்பே 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரைப் புறக்கணித்த மகன் மனம் திருந்தி, தெய்வமே வாசலில் வந்து நின்றபோதும் பெற்றோருக்குச் செய்யும் பணியை விட்டு எழாமல் இருந்த கதை அது. இத்தகைய படங்களுக்கு வீடே புறப்பட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. படமாளிகைக்குப் பெண்கள் தனியே போவதைக் குறைவாகப் பேசிய வீடுகளிலும் பக்திப் படம் என்றால் தடை இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மம்மா வாழ்நாளில் படமாளிகைக்குள் நுழைந்தது நான்கைந்து முறை இருக்கும். அத்தனையும் சாமிப் படங்களே. பின்னர் வீடியோ டெக் வந்ததும் சிவராத்திரிக்குக் கண்விழிக்க கசெட் வாடகைக்கு எடுப்பது கொட்டாஞ்சேனையில் பல வீடுகளின் வழக்கமாயிற்று. டெக் இருந்த வீட்டில் அயலவர் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கண்விழிப்பது தியானத்துக்காகவே தவிரப் படத்துக்காக அன்று என்று கோயில் ஐயா கண்டித்ததும் நினைவிருக்கிறது. அவர் சொன்னது சரியே. எனினும், அந்தப் பாயில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சிவராத்திரி என்ற சொல்லே இனிமையான ஒன்றாக மனத்தில் பதிந்தது என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

அந்தப் படங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தவற்றுள் பெரியது தமிழ். இறையனார் பாடியதாகக் குறுந்தொகையில் இரண்டாவதாக நிற்கும் ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்ற பாடலை என் வகுப்பில் நான் கற்பிக்கும் முன்பே ஒப்புவித்த மாணவர்கள் இருந்தார்கள். பாட்டைக் கொடுத்தது ‘திருவிளையாடல்’ படத்தில் தருமி வரும் காட்சி. எந்தப் பாடநூலாலும் இதைச் செய்ய முடிந்ததில்லை. ஆனால், தருமி யார் என்று கேட்டால் அதே மாணவர்கள் நாகேஷின் புலம்பலைத்தான் நடித்துக் காட்டுவார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமி தாய் தந்தையை இழந்த இளைஞன். ஆதிசைவ மரபில் வந்தவன். மணம் முடிக்கப் பொருளின்றிச் சொக்கநாதர் முன் நின்று விண்ணப்பிக்கிறவன். நக்கீரர் கதை பொற்கிழியோடும் நெற்றிக்கண்ணோடும் முடிவதுமில்லை. பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கீரனைக் கரையேற்றியது ஒரு படலம். அதன்பின் அவருக்கு அகத்தியரைக் கொண்டு இலக்கணம் உபதேசித்தது இன்னொரு படலம். பிழை சொன்னவரை எரித்த இறைவன் அவரையே எடுத்து அணைத்து, அவருக்குக் குறையாக இருந்த கல்வியையும் கொடுத்தான் என்பதல்லவா அந்த மூன்று படலங்களின் பயன்? திரையில் வாதம்தான் பிள்ளையின் மனத்தில் நிற்கிறது, அருள் நிற்பதில்லை. படம் எடுத்தவர்மீது இதில் எனக்குக் குறை கிடையாது. அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் சிலவற்றை எடுத்து மூன்று மணி நேரத்துக்குள் சொல்பவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் நம் முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு ஒன்றை நினைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணப் படிப்பு நடக்கும்போது இருவர் உட்காருவார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். மற்றவர் பயன் சொல்வார். பயன் சொல்பவர் பாட்டைப் பிரித்து, பொருள் விரித்து, ஊரில் நடந்த ஒன்றோடு பொருத்தி, கேட்பவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி, மேலே போவார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்ட அந்த வாழ்க்கை முறை, நூலால் மட்டும் வந்ததாக நான் கருதவில்லை. பயன் சொன்ன அந்த இரண்டாவது மனிதராலும் வந்தது. பக்திப் படம் மிக இனிமையாகப் படிக்கிறது. பயன் சொல்பவருடைய இடம் அதில் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் பாட்டி உட்கார்ந்தால் படம் சமயம் ஆகிறது. ஒருவரும் உட்காராவிட்டால் கணவர் சொன்னபடி அது சினிமாவாகவே முடிகிறது.

பயன் சொல்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு நந்தனார் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1935 இல் கே. பி. சுந்தராம்பாள் ஒரு இலட்சம் ரூபாய் ஊதியத்துக்கு நந்தனாராக நடித்தார். 1942 இல் ஜெமினி நிறுவனத்துக்காக எம். எம். தண்டபாணி தேசிகர் அதே வேடத்தை ஏற்றார். இந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு நந்தனார் என்றதும் தில்லைக்குப் போக விடாமல் தடுக்கும் வேதியரும் ஒரே இரவில் விளைந்த நாற்பது வேலி வயலும் நினைவுக்கு வரும். ஆனால், சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் அந்த வேதியரும் இல்லை, நாற்பது வேலி வயலும் இல்லை. அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் சேர்த்தவை. படம் அவரைப் பின்பற்றியது. சேக்கிழார் காட்டுவது வேறு. ஆலயங்களின் பேரிகைக்குத் தோலும் வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவிட்டு, அந்த ஆலயத்தின் வாசலுக்கு அப்பால் நின்றவர் ஒருவர். தில்லையின் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே போக அஞ்சி நின்ற அவருடைய தவிப்பை அந்தப் பாடல்களில் படிக்கும்போது, தடுத்தது ஒரு கொடிய மனிதர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. தடுத்தது ஓர் ஊர், ஒரு வழக்கம், நாம்.

ஜெமினியின் நந்தனார் வெளியாகி 26 ஆண்டுகள் கழிந்தும், 1968 இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடக் கேட்டு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராட வேண்டியிருந்தது. நந்தனாருக்காகக் கண்ணீர் விட்ட சமூகம்தான் அது. திரையில் கண்ட துயரத்துக்காக அழுதுவிட்டால் கடமை முடிந்தது என்று மனம் நினைத்துக்கொள்ளும் ஆபத்து பக்திப் படத்தில் எப்போதும் இருக்கிறது. அழுத மாமியாரிடம், ‘நம் ஊர்க் கோயிலில் அந்தக் காலத்தில் யாரை வெளியே நிறுத்தினார்கள், அப்பம்மா?’ என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்கட்டும். அவர் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். அந்த உரையாடல் அந்தப் படத்தைவிடப் பெரியது.

படம் வழக்கத்தை மாற்றாது என்று இதனால் சொல்லிவிட முடியாது. 1975 இல் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ‘ஜெய் சந்தோஷி மா’ என்ற இந்திப் படம் வட இந்தியா முழுவதும் பெண்களின் வெள்ளிக்கிழமைகளை மாற்றியது. வெல்லமும் கடலையும் படைத்து, புளிப்பை விலக்கி, பதினாறு வெள்ளி நோற்கும் அந்த விரதம் அதற்கு முன் பலருக்குத் தெரியாத ஒன்று; படத்துக்குப் பின் வீடுதோறும் பரவியது. அரங்கில் செருப்பைக் கழற்றிவிட்டு, திரையை நோக்கிப் பூவும் காசும் எறிந்தார்கள். ஒரு புராணம் பல நூறு ஆண்டுகளில் செய்யும் வேலையை ஒரு படம் இரண்டு ஆண்டுகளில் செய்த அரிய நிகழ்ச்சி அது. கவனித்துப் பார்த்தால் அங்கும் விரதக் கதையை ஒருத்தி படிக்க மற்றப் பெண்கள் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அந்த வட்டம் இருந்ததால்தான் திரையில் கண்டது வீட்டுக்குள் வந்து தங்கியது.

தமிழில் தொண்ணூறுகளில் பெருகிய அம்மன் படங்களைப் பற்றி நான் கடுமையாகவே பேச விரும்புகிறேன். குடும்பத்தில் ஒரு பெண் அடிபட்டு, பட்டினி கிடந்து, அவமானப்பட்டு, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். கடைசிக் கால் மணி நேரத்தில் அம்மன் சூலத்தோடு வந்து கணவனுடைய உறவினரை அழிப்பாள். பெண்ணின் பொறுமையே பக்தி என்றும், அவளுக்கு நியாயம் மனிதரிடம் கிடைக்காது என்றும் இந்தக் கதை வீட்டுக்குள் கற்பிக்கிறது. மயூரபதி அம்மன் கோயில் ஆடிப்பூரத்துக்குப் பாற்குடம் எடுத்து வரும் பெண்களின் முகத்தில் நான் கண்ட அம்மன், பழிவாங்குவதற்காக வருகிறவள் அல்லள். பயத்தால் வரும் பக்தி பிள்ளைக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறதே தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஒன்பது வயதுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

இன்றைய நிலையில் எனக்கு அதைவிடவும் கவலை தருவன, இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் மாற்றி வரும் நெடுந்தொடர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு அறநெறி வகுப்பில் ஒரு பாட்டி தம் பேத்திக்குப் பிள்ளையாரும் முருகனும் மாம்பழத்துக்குப் போட்டியிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘இல்லை அம்மம்மா, கார்த்திகேயன்தான் அண்ணா, கணேஷா தம்பி’ என்று பிள்ளை திருத்தியது. பாட்டி திகைத்துப் பேச்சை நிறுத்திவிட்டார். பிள்ளை சொன்னது பொய்யும் அன்று. வட இந்திய மரபில் கார்த்திகேயன் பெரும்பாலும் மூத்தவராகவும், பல இடங்களில் மணமாகாதவராகவும் வழிபடப்படுகிறார். அது அவர்களுடைய மரபு. அதை மதிக்க வேண்டும். ஆனால், முருகனுக்கு மணமே இல்லை என்றால் வள்ளி எங்கே போவாள்? வேடர் குலத்தில் வளர்ந்து தினைப்புனம் காத்த அந்தப் பெண்ணை முருகன் தேடி வந்தது நம் மண்ணில் என்றுதானே கதிர்காமத்துக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மக்கள் வாரக்கணக்கில் பாதயாத்திரையாக நடக்கிறார்கள்? அங்கே வள்ளியம்மனுக்குத் தனிக் கோயில் இருக்கிறது. சிங்கள மக்களும் அந்தக் காதல் கதையைத் தங்கள் கதையாகவே சொல்கிறார்கள். ஒரு தொடர் ஓராண்டு வீட்டுக்குள் ஓடினால், இந்தத் தீவில் பல நூறு ஆண்டுகளாக நடந்து நடந்து உண்டான ஒரு கதை, ஒருவரும் எதிர்க்காமலே, ஒரு பிள்ளையின் மனத்தில் அழிந்துவிடுகிறது. அன்று அந்தப் பாட்டி பேச்சை நிறுத்தியிருக்கக் கூடாது. ‘அவர்கள் அப்படிச் சொல்வார்கள், நாங்கள் இப்படிச் சொல்வோம், வா, வள்ளி கதை சொல்கிறேன்’ என்று தொடர்ந்திருந்தால் பிள்ளைக்கு இரண்டு மரபும் கிடைத்திருக்கும்.

கொழும்பு பல சமயத்தவர் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் நகரம் என்பதால், மற்றச் சமயப் படங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றும் சைவப் பெண்களை அறிந்தவர்களுக்கு, 1971 இல் வந்த ‘அன்னை வேளாங்கண்ணி’ படத்தை இந்துக் குடும்பங்கள் ஏன் தம்முடையதாகவே பார்த்தன என்பது வியப்பாக இராது. 1948 இல் வந்த ‘ஞானசௌந்தரி’யில் தேவமாதாவை நோக்கிப் பாடிய பாட்டை எங்கள் வீட்டிலும் முணுமுணுத்தார்கள். தெலுங்கில் 1978 இல் வந்து தமிழில் குரல் மாற்றப்பட்ட இயேசுவின் வாழ்க்கைப் படம், ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டப்பட்டு எத்தனையோ பேரை அடைந்தது. இவற்றோடு ஒப்பிட, 2004 இல் வந்த மெல் கிப்சனின் திருப்பாடுகள் படம் வேறு வகை. ஏறத்தாழ மூன்று கோடி டொலர் செலவில் எடுக்கப்பட்டு அறுபது கோடிக்கு மேல் ஈட்டிய அந்தப் படத்தில் சாட்டையடியும் இரத்தமும் வளர்ந்தவரையே உலுக்கும். பெரிய வெள்ளிக்கென்று அதைச் சிறு பிள்ளைகள் இருக்கும் அறையில் ஓடவிடும் கத்தோலிக்க நண்பர்களிடம் வேண்டாம் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் மேடையேற்றிய திருப்பாடுகளின் நாடகத்திலும் அதே துயரம் இருந்தது. அதைப் பார்த்த பிள்ளைக்கு, சிலுவை சுமப்பவர் தன் ஊர் அண்ணர் என்று தெரியும். நாடகம் முடிந்ததும் அவரோடு பேசலாம். காத்தவராயன் கூத்திலும் நேர்த்திக்காக விரதம் இருந்து ஆடுகிறவர் அயல்வீட்டுக்காரரே. திரை நமக்கு மிகச் சிறந்த நடிகர்களைத் தந்தது. அந்த அயல்வீட்டுக்காரரைத் தரவில்லை.

இஸ்லாமியக் குடும்பங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் வேறாகவே இருக்கும். உருவம் காட்டுவதையே விரும்பாத வீடுகள் பல. முஸ்தபா அக்காத் 1976 இல் எடுத்த ‘தி மெசேஜ்’ படம் நபிகளாரின் உருவத்தையும் குரலையும் எங்கும் காட்டாமலே அவர் வரலாற்றைச் சொன்னது. அவரோடு பேசுவோர் கமெராவைப் பார்த்துப் பேசுவார்கள். காட்டாமல் விடுவதும் ஒரு மரியாதை என்பதை அந்தப் படத்திலிருந்து எல்லாச் சமயத்தவரும் கற்கலாம் என்று நான் நம்புகிறேன். நம் தெய்வங்களுக்கு ஒரே ஒரு நடிகரின் முகம் நிலைத்துவிடும்போது, தியானத்தில் எழ வேண்டிய உருவம் எழாமல் அந்த முகமே வந்து நிற்கிறது என்று மூத்த மாணவர் சிலர் என்னிடம் வருத்தப்பட்டதுண்டு.

ஆகவே, தாயாரே, வரும் சிவராத்திரிக்கோ நவராத்திரிக்கோ ஒரு படம் போடுங்கள். ஒன்றே போதும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் ஒன்பது வயதுப் பிள்ளை முதல் அரை மணி நேரம் நெளியும்; பாட்டு வந்ததும் உட்காரும். தொலைபேசித் திரையில் ஆளுக்கு ஆள் பார்க்க விடாமல் கூடத்தில் ஒரே திரையில் போடுங்கள். இடையில் நிறுத்தக் கூச்சப்பட வேண்டாம். பயன் சொல்பவரும் நிறுத்தித்தான் சொல்வார். நிறுத்தும் உரிமையை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள்; அவர் தம் ஊரில் கேட்ட கதை திரையில் எங்கே மாறுகிறது என்று சொல்லட்டும். கணவரையும் விலக்கி வைக்காதீர்கள். இது சினிமா, மூலத்தில் இப்படி இல்லை என்று அவர் சொன்னால், மூலத்தை எடுத்துப் படித்துக் காட்டும் பொறுப்பு அவருடையதாகட்டும். திருநாளைப்போவார் புராணத்தில் பாடல்கள் நாற்பதுக்கும் குறைவு. உரையோடு படித்தால் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். நந்தனார் படத்தைப் பிள்ளைகள் பார்த்த அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் அவர் தொடங்கலாம்.